எது கிறிஸ்துமஸ் படம் என்று எங்கள் வீட்டில் நடந்த வழக்கு

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் பின்வரிசையில் நிற்கத்தான் எனக்குப் பிடிக்கும். உடுமலையில் இந்தப் பத்திரிகையை நடத்தும் சகோதரர், “வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்” என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். மூன்றாம் முறையும் கேட்க வைப்பது மரியாதையில்லை என்று எழுதுகிறேன். ஆனால் இதில் கோயிலைவிடச் சினிமாதான் அதிகமாக வரும். அதற்கும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கணவர் சேவியருக்கும் உடுமலைப் பக்கம்தான் ஊர். கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு பம்ப் பட்டறையில் லேத் ஓட்டியவர். அந்த வேலைதான் எங்களைக் கனடாவுக்குக் கொண்டுவந்தது. டொராண்டோவிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். அவர் இப்போதும் இரும்பு கடைகிறார், இங்கே கம்ப்யூட்டரில் எண்களைத் தட்டிக் கடைகிறார். நான் ஒரு பெரிய பலசரக்குக் கடையின் ரொட்டிப் பிரிவில் கேக்குகளைப் பெட்டியில் வைத்து விலைச்சீட்டு ஒட்டுகிறேன். ஒரே மகள், பிரின்சி. இருபத்து மூன்று வயது. டொராண்டோவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் தவறாமல் வீட்டுக்கு வருவாள்.

2

இங்கே நவம்பர் பிறந்தவுடனேயே கடையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டுவிடுவார்கள். காலை ஐந்து மணிக்கு, ஆளில்லாத கடையில், மணியோசையோடு பாட்டு ஓடும். ஏசு பிறப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பே இத்தனை சந்தோஷமா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. சந்தோஷம் தானாக வருவது வேறு, வரவழைப்பது வேறு.

அந்த மாதங்களில் கூட வேலை செய்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. “உனக்குப் பிடித்த கிறிஸ்துமஸ் படம் எது?” நம் ஊரில் சாப்பாடு ஆச்சா என்று கேட்பதுபோல இதைக் கேட்பார்கள். வந்த முதல் வருடம் டோனா என்ற அம்மாள் என்னைக் கேட்டாள். நானும் சேவியரும் கல்யாணமான வருடம் உடுமலைக் கொட்டகையில் ஓடிய ஒரு தமிழ்ப் படத்தின் பெயரைச் சொன்னேன்.

“அதில் பனி வருமா?”

“இல்லை. வெயில்.”

“கிறிஸ்துமஸ் தாத்தா?”

“இல்லை. ஒரு பண்ணையார் வருவார். மாட்டுச் சந்தையில் சண்டை போடுவார்.”

டோனா, “அப்புறம் எப்படி அது கிறிஸ்துமஸ் படம்?” என்றாள். “கிறிஸ்துமஸ் அன்றைக்கு ரிலீஸ் ஆச்சு” என்றேன். அவள் சிரித்தாள். நல்ல மனசுக்காரிதான். ஆனால் நான் ஏதோ ஒரு பரீட்சையில் தவறிவிட்டேன் என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வந்தால் பாத்ரூம் பக்கம் போய்விடுவேன்.

3

வீட்டிலும் அதே வழக்குதான். பிரின்சிக்குப் பத்து வயது ஆனதிலிருந்து, இருபத்து நான்காம் தேதி பொழுதோடு, ராத்திரிப் பூசைக்குக் கிளம்பும் முன், மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அப்பா ஒரு வருடம், மகள் ஒரு வருடம் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னை யாரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

அப்பா முறை வந்தால் அந்த மாட்டுச் சந்தைப் படம்தான். வேறு படமே அவருக்குத் தெரியாது.

“அப்பா, இது கிறிஸ்துமஸ் படமே இல்லைங்க. இதுல ஒரு ஸ்டார் கூட இல்ல.”

“ஏன் இல்ல? ஹீரோ இருக்கறானே.”

“ஜோக் வேண்டாங்க. கதையில கிறிஸ்துமஸ் வரணும்.”

“தீபாவளிப் படத்துல தீபாவளி வருதா? பொங்கப் படத்துல எவனாவது பொங்கல் வெக்கறானா? அன்னைக்கு ரிலீசாச்சுன்னா அன்னையப் படம். இதுக்குப் போயி என்ன விசாரணை வேண்டிக் கெடக்குது?”

“இந்த ஊர்ல அப்படி இல்லைங்க.”

“அப்போ இந்த ஊருக்காரன் டிவியில போட்டுப் பாத்துக்கட்டும். இது எங்கூட்டு டிவி.”

மகளின் தமிழ் எங்கள் இரண்டு பேரிடமிருந்து மட்டும் வந்தது. அதனால் அவளுக்கு எல்லோரும் ‘ங்க’தான். பக்கத்து வீட்டுப் பூனை படியேறி வந்தால், “வாங்க, உக்காருங்க” என்பாள். சின்ன வயதில் நாங்கள் திருத்தப் பார்த்தோம். பிறகு விட்டுவிட்டோம். யாரைத் தாழ்த்திப் பேசலாம் என்று ஒரு பிள்ளைக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது எப்படி?

மகள் முறை வந்தால் பனிப் படம். டவுனில் பெரிய வேலையில் இருக்கும் ஒரு பெண் பண்டிகைக்குத் தன் சின்ன ஊருக்கு வருவாள். அங்கே ஒரு ரொட்டிக்கடை மூடும் நிலையில் இருக்கும். அதை நடத்துகிறவன் கட்டம்போட்ட சட்டை போட்டிருப்பான். கடைசியில் அவள் டவுன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிடுவாள். எல்லா வீட்டு வாசலிலும் விளக்கு எரியும். நான் ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவள். அந்தப் படங்களில் ஒருத்தி கையிலும் அடுப்புச் சூடு பட்ட தழும்பை நான் பார்த்ததில்லை.

4

போன டிசம்பர் தொடக்கத்தில் பிரின்சி போன் செய்தாள். அது வழக்கமான நாள் இல்லை. நடுவாரம்.

“அம்மா, அப்பாக்குப் பிரஷர் எப்படி இருக்குதுங்க?”

“நல்லாத்தான் இருக்குது. ஏன் கண்ணு?”

“சும்மாதான். பீளமேட்டு அத்தை வீடு எங்க இருக்குது? ஏர்போர்ட் பக்கமா, காலேஜ் பக்கமா?”

அத்தை என்றால் சேவியரின் தங்கை. அவள் வீட்டு விவரத்தை இவள் எதற்குக் கேட்க வேண்டும்? நான் சொன்னேன். அவள் குறித்துக்கொள்வது போலத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “இந்த வருஷம் படம் என் முறைதானேங்க? நான் முடிவு பண்ணிட்டேன். அப்பாகிட்டே சொல்லிடுங்க” என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பெண் பிள்ளை, அப்பாவின் உடம்பை விசாரிக்கிறாள், ஒரம்பரையின், அதாவது சொந்தக்காரரின், முகவரி கேட்கிறாள். நம் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணப் பத்திரிகை வைக்க ஆள் எண்ணுகிறாள். அப்படியென்றால் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் யார், எந்த நாட்டுக்காரன் என்பதைப் படத்தைப் போட்டுக் காட்டி எங்களைத் தயார் செய்யப் போகிறாள். அந்தப் பனிப் படங்களில் எப்படியும் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பு அப்பா மனசு மாறிவிடுவார்.

எங்கள் ஊர் நூலகத்தில் இப்போதும் பட டிஸ்க்குகளை இரவல் கொடுக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். கிறிஸ்துமஸ் படங்களுக்குத் தனி அலமாரி. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை ஸ்டிக்கர். மேசையில் இருந்த அம்மாளிடம், எந்தப் படத்துக்குப் பச்சை ஒட்டுவீர்கள் என்று என் இங்கிலீஷில் கேட்டேன். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. உடனே எழுந்து நின்றாள். கிளை நூலகத்தில் அவர்களாக ஒட்ட முடியாதாம். தலைமை நூலகத்தில் ஒரு குழு இருக்கிறதாம். குறிப்பிட்ட படத்துக்கு ஸ்டிக்கர் இருக்கக் கூடாது என்றோ, வேண்டும் என்றோ பொதுமக்கள் எழுதிக் கொடுக்கலாமாம். பண்டிகை முடிந்தபின் பதில் வருமாம்.

“கதை முழுக்கக் கிறிஸ்துமஸ் இல்லாமல், ஒரு காட்சியில் மட்டும் மரம் நின்றால்?”

“அதுதான் ஒவ்வொரு வருடமும் சண்டை” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “என்னைக் கேட்டால், யாராவது ஒருவர் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். மரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.”

நான் ஆறு படங்கள் எடுத்து வந்தேன். சேவியர் இரவு ஷிப்டுக்குப் போன நாட்களில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கதைக்காகப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைகளைப் பார்த்தேன். ஆறு பேரில் மூன்று பேர் தச்சர்கள், ஒருவன் மருத்துவன், ஒருவன் அரசகுமாரன், ஒருவன் கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கிறவன். எவனை எங்கள் தலையில் கட்டப் போகிறாளோ என்று உட்கார்ந்திருந்தேன்.

5

படம் காட்டக் கூப்பிடுகிறவர்களை நான் ஏன் சந்தேகப்படுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உடுமலைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில் என் அப்பா அம்மா கூலிக்கு இருந்தார்கள். ஊருக்கு வெளியே எங்கள் தெரு, தெருக் கடைசியில் ஓடுவேய்ந்த ஒரு சிறிய மாதா கோயில். தோப்புக்காரர் வீட்டில்தான் டிவி இருந்தது. அது உள்ளே இருக்கும். நாங்கள் உள்ளே போக மாட்டோம்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று தோட்டத்தம்மா, அதாவது தோப்புக்காரரின் மனைவி, எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டனுப்பினார். அன்று மாலை டிவியில் ஒரு தமிழ்ப் படம். “உங்க பண்டிகையாச்சே, படம் பாருங்க சாமி” என்று டிவியை வாசல் பக்கம் திருப்பி வைத்தார். நாங்கள் களத்தில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு முறுக்கும் கிடைத்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். உலகத்திலேயே நல்லவர் அந்த அம்மாதான் என்று நினைத்தேன்.

படம் முடிந்து எழுந்தபோது தோட்டத்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கண்ணு, நாளைக்குத் தோப்புல தேங்காய் போடறாங்க. உங்கம்மாளை வெடியால வந்துரச் சொல்லிப்போடு.”

மறுநாள் அம்மாவுக்கு லீவு சொல்லியிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் மாமா வீட்டுக்குக் கொடுமுடி பஸ் ஏறுவதாக இருந்தது. நான் போய்ச் சொன்னதும் அம்மா என்னைத் திட்டவில்லை. “படம் நல்லா இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டாள். நாங்கள் பஸ் ஏறவில்லை.

தோட்டத்தம்மா அதை யோசித்துச் செய்தாரா, தற்செயலாக நடந்ததா, இன்றுவரை தெரியாது. ஒரு படத்தை ஓசியில் காட்டினால், அது முடிந்ததும் என்ன கேட்கப் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

6

இருபத்து மூன்றாம் தேதி பிரின்சி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை சமையலறையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

“அம்மிணி, பையன் எந்த ஊருங்கறதை இப்பவே சொல்லிப்போடு. அப்பாகிட்ட நான் மெதுவா சொல்றேன்.”

“எந்தப் பையன்?”

“தச்சனா இருந்தாலும் பரவால்ல.”

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணீர் வந்தது. வெங்காயமா சிரிப்பா தெரியவில்லை. “அம்மா, நீங்க நிறையப் படம் பார்க்கறீங்க” என்றாள். பையன் இல்லை என்று சத்தியம் செய்தாள். அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. சிரிப்பு நின்றதும் அவள் முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது.

மாலை நாலரைக்கெல்லாம் வெளியே இருட்டிவிட்டது. மூன்று பேரும் உட்கார்ந்தோம். சேவியர், “என்ன படம்? ரொட்டிக்கடைக்காரியா, அரசகுமாரனா?” என்றார்.

“உங்க படம்தாங்க” என்றாள்.

“எதுக்கு? உன்ற முறையாச்சே.”

“என் முறைதான். நான் இதைத்தான் பார்க்கணும்னு சொல்றேன்.”

சேவியர் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குச் சந்தேகம்தான் கூடியது. இத்தனை வருடம் இது கிறிஸ்துமஸ் படமே இல்லை என்று சண்டை போட்டவள், இன்று தானே எடுத்துப் போடுகிறாள் என்றால் கேட்கப் போவது சின்ன விஷயமாக இருக்காது.

7

அந்தப் படத்தை எங்கள் பக்கத்தில்தான் எடுத்தார்கள். தென்னந்தோப்பு, வாய்க்கால், அமராவதி அணையின் சுவர் எல்லாம் வரும். பண்ணையார் வெள்ளை வேட்டியோடு தோப்புக்குள் நடந்து வருவார். கூலிக்காரர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுக் கும்பிடுவார்கள். அந்த இடத்தில் பிரின்சி ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். பாதிப் படம்கூட ஓடவில்லை.

“அப்பா, எங்க கம்பெனி பீளமேட்டுல ஆபீஸ் திறக்குதுங்க. புது ஆளுங்களுக்குச் சொல்லித்தர ரெண்டு வருஷத்துக்கு இங்கிருந்து சில பேரை அனுப்பறாங்க. நானே கேட்டு வாங்கினேன். மார்ச்சுல போகணும்.”

சேவியர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கும்பிட்ட கைகள் அப்படியே நின்றிருந்தன.

“எதுக்கு?” என்றார்.

“எல்லாரும் நீ எந்த ஊருன்னு கேட்டாக் கோயமுத்தூர்னு சொல்றேன். மூணு தடவைதான் போயிருக்கேன். ஏர்போர்ட்டு, அத்தை வீடு, கோயில், மறுபடி ஏர்போர்ட்டு. தெரியாத ஊரை என் ஊருன்னு சொல்லிட்டுத் திரியறேங்க.”

“பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். உனக்கு அங்க நடக்கறது தெரியாது கண்ணு. மொதல்ல ‘வாங்கம்மிணி, எந்த ஊருங்க?’ம்பாங்க. உடுமலைன்னு சொல்லுவே. ‘உடுமலைல எந்தப் பக்கமுங்க?’ம்பாங்க. அதுக்கும் பதில் சொல்லுவே. அதுக்கப்புறம் அந்த ‘ங்க’ இருக்காது. நீ எத்தனை படிச்சிருந்தாலும் இருக்காது. உன்னையத் தூக்கிட்டு இத்தனை தூரம் வந்தது அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லக் கூடாதுன்னுதான்.”

பிரின்சி அவசரப்படவில்லை. “என்கிட்டே கேட்டா எந்தப் பக்கம்னு நேரா சொல்லுவேங்க. அப்புறம் எப்படிப் பேசறதுன்னு அவங்கதான் யோசிக்கணும். நான் எதுக்கு யோசிக்கணும்?”

“படத்துல வர்ற மாதிரி விளக்குப் போட்டுட்டு உனக்காக எவனும் வாசல்ல நிக்க மாட்டான்.”

“தெரியும். அத்தைகூட நிக்க மாட்டாங்க, டிவி சீரியல் பார்ப்பாங்க.” பிறகு நிறுத்தியிருந்த படத்தைக் காட்டிக் கேட்டாள். “அப்பா, அந்த ஊரு அத்தனை மோசம்னா, இதை எதுக்குங்க நீங்க விடாமப் பாக்கறீங்க?”

இந்தக் கேள்வியைக் கேட்க இத்தனை வருடத்தில் எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

சேவியர் விரலை நீட்டித் திரையின் ஓரத்தைக் காட்டினார். “பண்ணையாரை நான் பாக்கறதே இல்ல. அதா, அந்த ஓரத்துல சட்டையில்லாம ஒருத்தன் நிக்கறான் பாரு. அவன் எங்க தெருக்காரன். பேரு சின்னப்பன். சூட்டிங்குக்கு ஆளு வேணும்னு லாரியில ஏத்திட்டுப் போனாங்க. நாங்க கொட்டகையில உக்காந்து, ‘டேய், நம்ம சின்னப்பன்டா’ன்னு கத்துனோம். அன்னைக்குக் கிறிஸ்துமஸ்.”

பிரின்சி எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அந்த ஆளைப் பார்த்தாள். “கும்பிடலையேங்க அவர்?” என்றாள்.

“அவனுக்கு எப்பக் கும்பிடோணும்னு வெளங்கல. கேமராவப் பாத்துட்டு நின்னுட்டான்.” சொல்லும்போது சேவியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால், போ என்று அவர் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. “பூசைக்கு நேரமாச்சு” என்று எழுந்து சட்டை மாற்றப் போய்விட்டார். நேரம் ஆகியிருக்கவில்லை. இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

நான் மகளிடம் ஒன்றுதான் கேட்டேன். “அவரு படத்தப் போட்டா அப்பா கரைஞ்சிருவாருன்னு நெனச்சியா?”

“ஆமாங்க. முழுசா ஓடட்டும், கடைசியில கேக்கலாம்னுதான் இருந்தேன். முடியல. ஏமாத்தற மாதிரி இருந்துச்சு.”

இதைக் கேட்ட பிறகுதான் என் சந்தேகம் கொஞ்சம் இறங்கியது. படத்தைக் காட்டிக் காரியம் சாதிக்கிறவர்கள், முடியும்வரை காத்திருப்பார்கள். இவள் பாதியிலேயே போட்டு உடைத்துவிட்டாள். ஆனால் ஊரைப் பற்றிய சந்தேகம் இறங்கவில்லை. நூலகத்து அம்மாளின் கணக்குப்படி, யாராவது வீட்டுக்குத் திரும்பினால் அது கிறிஸ்துமஸ் படம். திரும்பிப் போகிறவளுக்கு அங்கே வீடு இருக்க வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. அந்தப் படங்களிலும் அதை யாரும் சொல்லவில்லை.

பூசையில் மூன்று பேரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்தோம். நான் நடுவில்.

8

மறுநாள் காலை சேவியர் பீளமேட்டிலிருக்கும் தங்கைக்குப் போன் செய்து கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னார். அங்கே பக்கத்தில் பெண்கள் தங்குகிற நல்ல விடுதி ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். யாருக்கு என்று தங்கை கேட்டாள். பிரின்சிக்கு என்றார்.